மரம் மட்டும் வைக்காதே

குற்றாலத்துக்குச் சாரல், எங்களுக்குக் காற்று. இரண்டும் ஒரே பருவத்தில் வருபவைதான். தென்மேற்கிலிருந்து கிளம்பும் மழைக்காற்று தன்னிடமுள்ள நீரையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமும் மலையடிவாரத்திலும் கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சங்கரன்கோவிலுக்கு வெறுங்கையோடு வந்து சேரும். அகன்ற ஓடை ஒடுங்குகிற இடத்தில் தண்ணீர் வேகமெடுப்பதுபோல மலைகளுக்கு நடுவிலுள்ள அந்தக் குறுகலில் காற்றும் வேகமெடுக்கிறது. சுரண்டை, ஊத்துமலை, கயத்தாறு என்று எங்கள் பக்கத்தில் காற்றாலைகள் கூட்டங்கூட்டமாக நிற்பது இதனால்தான். வைகாசிக் கடைசியில் தொடங்குகிற காற்று புரட்டாசி வரை ஓயாது. ஆடி அதன் உச்சம்.

பழந்தமிழில் இந்த மேற்குக் காற்றுக்குக் கோடை என்று பெயர். வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவிகள் வெயில்காலத்தை நினைத்துக்கொள்கிறார்கள். ‘மேகாத்து’ என்று சொன்னால்தான் புரிகிறது. புரிந்த மறுகணம் பாதிப் பேருடைய கை தன்னையறியாமல் துப்பட்டாவுக்குப் போகும்.

எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைக்குக் காற்றைப் பற்றிய முதல் பாடம் இதுதான். ஒரு கை புத்தகப் பைக்கு, இன்னொரு கை பாவாடைக்கு. தெருமுனை திரும்பும் முன் முந்தானையை இடுப்பில் செருகு. ஊக்கு இல்லாமல் வாசல்படி இறங்காதே. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எல்லாருக்கும் பொதுவான பழமொழி. எங்கள் வீடுகளில் அது பெண்பிள்ளைகளிடம் மட்டும் சொல்லப்பட்டது. துணி பறந்தால் குற்றம் காற்றுடையது அல்ல, துணிக்குள் இருப்பவளுடையது என்பது அதன் பொருள். இன்றும் ஆடி மாதத்தில் கல்லூரிக்குச் சேலை கட்டிப் போகிற நாங்கள் நாலைந்து ஊக்கு கூடுதலாகக் குத்திக்கொள்கிறோம். மாலையில் வீட்டுக்கு வந்து அவிழ்த்தால் ஊக்கு இருந்த இடத்தில் சேலை கிழிந்திருக்கும். காற்று மொத்தத் துணியையும் பிடித்து இழுக்கிறது. அந்த இழுப்பு முழுவதையும் ஓர் ஊசித்துளை தாங்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் சித்தி, அம்மாவின் தங்கை. அவர் பேசியது சேலையைப் பற்றி அல்ல. நாற்றங்காலுக்கு மேல் கட்டுகிற பச்சை வலையைப் பற்றி.

சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி போகும் சாலையில் இறங்கி நடக்கிற தொலைவில் சித்தியின் நாற்றங்கால் இருந்தது. அரை ஏக்கர். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளை வளர்த்து விற்பார். 98 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டுகளில் தென்னைநார்க் கழிவை நிரப்பிக் குழிக்கு ஒரு விதை. தக்காளி 25 நாளில் கைக்கு வந்துவிடும். மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று வாழ்கிற ஊரில், ஆடியில் நடுவதற்கான நாற்று ஆனியிலேயே தட்டில் நிற்க வேண்டும். அதாவது, ஆண்டிலேயே அவருக்கு வியாபாரம் அதிகமுள்ள ஆறேழு வாரமும் காற்று மிக மோசமாக அடிக்கிற ஆறேழு வாரமும் ஒன்றுதான். அந்த நாள்களில் வலை ஒருமுறை பிய்ந்தால் அந்த ஆண்டின் பெரும்பகுதிச் சம்பாத்தியம் போயிற்று.

வலை இல்லாமலும் முடியாது. இரண்டு இலை விட்ட நாற்றை வெயில் வாட்டும். வெயிலைவிடக் காற்று சீக்கிரம் உலர்த்தும். வெள்ளை ஈயும் இலைப்பேனும் வந்து உட்கார்ந்தால் மிளகாயில் இலைச்சுருட்டு வரும். இவை எல்லாவற்றுக்கும் மேல் மயில். விடிகிற நேரத்தில் இறங்கும் நாலு மயில் கால்மணி நேரத்தில் பத்துத் தட்டைக் கிளறிவிடும். வனவிலங்குச் சட்டத்தில் உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற பறவை, கல்லெறியவும் யோசிக்க வேண்டும். ஆகவே தலைக்கு மேலே பாதி வெயிலை மறிக்கும் 50 சதவீதப் பச்சை வலை. தட்டுகளை ஒட்டி, வளைத்து ஊன்றிய கம்பிகளின் மேல் குடைபோல வெள்ளைப் பூச்சிவலை. இவ்வளவு துணியையும் ஆடிக் காற்றில் தரையோடு பிடித்து நிறுத்துவதுதான் சித்தியின் தொழிலில் பாதி.

விடுமுறை நாள்களில் நான் போய் உட்கார்ந்து பார்ப்பேன், சிலசமயம் கயிறு பிடிப்பேன். “காத்து தள்ளும்னு நெனைக்காத பிள்ள. அது தூக்கும்” என்பார் சித்தி. வலைக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி கிடைத்தால் போதும், காற்று உள்ளே புகுந்து மேல்நோக்கி உந்தும். அப்புறம் அது வலை அல்ல, பாய்மரம். இயற்பியல் நடத்துகிற தோழியிடம் கேட்டபோது காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது கொடுக்கிற விசை நாலு மடங்காகும் என்றார். சித்தி அதை வேறு மாதிரி சொல்வார். காலைக் காற்றுக்கு நிற்கிற கட்டை நம்பி மதியச் சாப்பாட்டுக்குப் போகாதே.

அவர் கட்டுகிற முறையை எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆகவே வரிசையாகவே சொல்கிறேன்.

வரிசைகள் எல்லாம் கிழக்கு மேற்காக இருக்கும். மேல்காற்றுக்கு அகலப் பக்கத்தைக் காட்டக் கூடாது, குறுகிய முனையைத்தான் காட்ட வேண்டும். அந்த மேற்கு முனையில் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி எடுத்து, வலையின் ஓரத்தை அதில் மடித்து இறக்கி, மண் தள்ளி, தண்ணீர் விட்டு மிதித்துவிடுவார். மண் காய்ந்தால் அந்த ஓரம் அசையாது. பக்கவாட்டு ஓரங்களில் கல் வைப்பதில்லை. கல் உருளும், உருண்டால் வலையை அறுக்கும். பழைய உரச்சாக்கை நீளவாக்கில் மடித்துத் தைத்து மண் நிரப்பி, தலையணை மாதிரி இரண்டு முழத்துக்கு ஒன்று வைப்பார். மண்மூட்டை வலையின் மேல் படிந்து உட்காரும், கீறாது.

கட்டு போடுகிற இடத்தில் வலையைத் துளையிடுவதே இல்லை. அஞ்சாங்கல் ஆடுகிற அளவில் ஒரு கூழாங்கல்லை எடுத்து, வலையின் ஓரத்தை இரண்டாக மடித்து, அந்த மடிப்புக்குள் கல்லை வைத்து, குஞ்சலம்போலத் திரட்டி அதன் கழுத்தில் கயிற்றைப் போடுவார். இப்போது இழுப்பு ஒரு துளையில் நிற்காது, கல்லைச் சுற்றியுள்ள துணி முழுவதற்கும் பரவிப் போகும். என் ஊக்குக் கிழிசலுக்கான பதிலை இங்கேதான் கண்டுகொண்டேன்.

நைலான் கயிறு வழுக்கும், வெயிலில் முடிச்சு தளரும். அவருக்குத் தேங்காய்நார்க் கயிறுதான் பிடிக்கும், நனைந்தால் இன்னும் இறுகும். கம்பி வலையைத் தொடுகிற இடங்களில் பழந்துணி சுற்றியிருப்பார். வலையைக் கெடுப்பது பெருங்காற்றைவிட ஓயாத படபடப்புதான். ஒரே இடத்தில் நாள் முழுவதும் உரசி உரசி நூல் தேயும். அதனால் வளைவுகளுக்கு மேலே, ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் இடையில், குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு ஓட்டி வலையை அமுக்கி வைப்பார். கைக்குழந்தையைத் துணியில் சுற்றுகிற மாதிரிதான். இறுக்கவும் கூடாது, கை கால் உதறவும் விடக் கூடாது.

மேற்கு முனையை இப்படிப் புதைத்துவிட்டு, கிழக்கு முனையைச் சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டிக் கட்டுவார். ஒரு சுண்டில் அவிழ்கிற சுருக்குமுடிச்சு. “ஏன் சித்தி, இந்தப் பக்கம் மட்டும் இவ்வளவு லேசா கட்டுதீய?” என்று கேட்டேன். “காத்து ரொம்பப் போட்டுதுன்னா இந்தப் பக்கம் அவுந்து குடுத்துரும். ஒரு நாள் நாத்து வாடும். வல கிழிஞ்சிட்டா வருசமே வாடும்லா.”

கடைசியாகத் தடுப்பு. மேற்கே சுவர் வைத்தாலும் தகரம் அடித்தாலும் காற்று அதன் மேல் ஏறி அந்தப் பக்கம் சுழன்று விழும், சேதம் கூடும். பாதியை விட்டு பாதியை மறிக்கிற தடுப்புதான் காற்றைச் சாந்தப்படுத்தும். சித்தி அதற்குச் சித்திரையிலேயே நாலு வரிசை சோளமும் இரண்டு வரிசை ஆமணக்கும் விதைத்துவிடுவார். ஆனிக்குள் அவை ஆளுயரம் வந்துவிடும். செடிக்கு இடைவெளி விழுந்த இடத்தில் பழைய பூனம் சேலைகளைக் கையகல நாடாக்களாகக் கிழித்துக் கம்பில் கட்டித் தொங்கவிடுவார். முழுச் சேலையைக் கட்டினால் காற்று கம்போடு பிடுங்கிப்போகும். கிழித்த சேலைக்குள் காற்று நுழைந்து, வேகம் குறைந்து வெளியே வரும். மயிலும் அந்த அசைவுக்கு மிரளும். அம்மாவுடையவை, என்னுடையவை, பக்கத்து வீட்டுக்காரர்களுடையவை என்று எத்தனையோ சேலைகள் அங்கே தங்கள் கடைசிக் காலத்தைக் கழித்தன.

இந்த நாற்றங்காலைப் பார்க்க வருகிறவர்கள் வியப்பார்கள். செலவே இல்லாமல் எவ்வளவு அறிவாகச் செய்திருக்கிறார்கள் என்று படம் எடுத்துக்கொள்வார்கள். மண்ணில் புதைத்த வலை, அவிழ்கிற முடிச்சு, ஆண்டுக்கு ஒருமுறை விதைக்கிற தடுப்பு, மக்கிப்போகிற சேலை. எளிமை, இயற்கை, பெண்ணின் மரபறிவு. நானும் அப்படி ஒரு கவிதை எழுதியிருக்க முடியும். எழுதாமல் நின்றதற்குக் காரணம், ஒருநாள் சித்தியிடம் கேட்ட ஒரு கேள்வி. சோளத்தையும் ஆமணக்கையும் ஆண்டுதோறும் விதைப்பதற்குப் பதிலாக ஒரு வரிசை அகத்தி வைத்தால் என்ன? கொடிக்கால்களில் வெற்றிலைக்கு அதுதானே துணை. ஒரே ஆண்டில் தலைக்கு மேல் வளரும், கீரையும் விற்கலாம்.

“உங்க மாமா அன்னைக்கே சொல்லிட்டாவ. என்ன வேணும்னாலும் போட்டுக்கோ, மரம் மட்டும் வைக்காதேன்னு.”

மரம் வைத்தால் உரிமை வந்துவிடுமோ என்ற பயம். அடுத்த ஆண்டும் நிற்கிற எதையும் அந்த நிலத்தில் சித்தி ஊன்றக் கூடாது. கான்கிரீட் போட்டுக் குழாய் நடக் கூடாது, கிணற்றுமேட்டில் அறை கட்டக் கூடாது. வியப்போடு படம் எடுத்துப் போனவர்கள் பார்த்தது சித்தியின் அறிவைத்தான். ஆனால் அந்த அறிவுக்கு வடிவம் கொடுத்தது இந்த ஒற்றை வாக்கியம். அவிழ்க்க முடிந்ததை மட்டுமே கட்டலாம் என்ற நிபந்தனைக்குள் நின்று அவர் கண்டுபிடித்தவை அவை எல்லாம்.

அது என் தாத்தா வழி வந்த பூர்வீக நிலம். சித்திக்குக் கல்யாணம் நடந்தது 1987இல். 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்து, பூர்வீகச் சொத்தில் மகனுக்குள்ள பங்கு மகளுக்கும் உண்டு என்றானது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டுத் தீர்மானம் போட்டு அப்போது அறுபது ஆண்டு ஆகியிருந்தது. நாடு முழுவதற்கும் அப்படியொரு சட்டம் வர அதற்குப் பிறகும் பதினாறு ஆண்டு ஆனது. அந்தச் சட்டத்தைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அதில் ஒரு வரி இருந்தது. அந்தத் தேதிக்கு முன் மணமான மகளுக்கு இது பொருந்தாது. இரண்டு ஆண்டு முந்திக் கழுத்தில் விழுந்த மூன்று முடிச்சு சித்தியை வெளியே நிறுத்தியது. என் அம்மாவையும்தான்.

2005இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் மணமானவள், மணமாகாதவள் என்ற பேதத்தை எடுத்துவிட்டது. பிறப்பாலேயே மகளுக்கு உரிமை, அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்தாரா என்று பார்க்கத் தேவையில்லை என்று 2020 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தெளிவாக்கியது. அந்தத் தீர்ப்பின் செய்தியைச் சித்திக்கு வாசித்துக் காட்டியவள் நான்தான். ஆனால் அங்கேயும் ஒரு வரி. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவுசெய்து முடிந்த பாகப்பிரிவினைகளை இந்தத் திருத்தம் தொடாது. எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினை 1998இல் முறையாகப் பதிவானது. தாத்தா, பெரிய மாமா, சின்ன மாமா என்று மூன்று பங்கு. தாத்தா தன் பங்கையும் சின்ன மாமாவுக்கு உயில் எழுதிவைத்துவிட்டுப் போனார். முதல் சட்டம் சித்திக்கு இரண்டு ஆண்டு பிந்தி வந்தது. இரண்டாவது சட்டம் ஏழு ஆண்டு பிந்தி வந்தது.

2003இல் சித்தப்பா இறந்தபின் இரண்டு பிள்ளைகளோடு பிறந்த ஊருக்கு வந்தார். தங்கச்சி பிழைத்துக்கொள்ளட்டும் என்று சின்ன மாமா அரை ஏக்கரைக் காட்டினார். மாமா கெட்டவர் அல்ல. குத்தகை வாங்கவில்லை, கிணற்றுத் தண்ணீருக்குக் கணக்குக் கேட்கவில்லை. ஊரில் அவரைப் புகழாதவர் இல்லை. தங்கைக்கு உரிமையாக வர வேண்டியதை அண்ணன் தயவாகக் கொடுத்தால் ஊர் அவரைத்தான் புகழும். தயவுக்குப் பத்திரம் கிடையாது. அதனால் அது எந்த ஆடியிலும் பறக்கலாம்.

பத்திரம் இல்லாததன் விலை வேறு இடங்களிலும் தெரியும். நிழல்வலைக் குடில் அமைக்கத் தோட்டக்கலைத் துறை பாதிச் செலவை மானியமாகக் கொடுக்கிறது. விண்ணப்பத்தோடு சிட்டாவும் அடங்கலும் வைக்க வேண்டும். சித்தியின் பெயரில் இரண்டும் இல்லை. இது அவர் ஒருவர் கதை அல்ல. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் பெண்கள் பெயரில் இருந்த சாகுபடி நிலங்கள் நூற்றுக்கு 14கூட இல்லை. களை எடுக்கிறவர்கள், நாற்று நடுகிறவர்கள், பூப்பறிக்கிறவர்கள் யார் என்று எங்கள் ஊர்ப் பக்கம் எந்த வயலில் எட்டிப் பார்த்தாலும் தெரியும். சேலைக்கு மேல் ஆண் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் காற்றுக்கு இறுகக் கட்டி நிற்கிறவர்கள் அவர்கள்தான்.

பக்கத்து வயல்காரருக்குச் சிட்டா இருந்தது, மானியமும் கிடைத்தது. இரும்புக் குழாய் நட்டு, கான்கிரீட் போட்டு, உயரமான குடில் எழுந்தது. கட்டியவர்கள் வெளியூர் ஆள்கள். காற்றில்லாத மாசியில் வந்து, வலையைத் தோல்மேளம்போல விறைப்பாக இழுத்து, கம்பியால் துளைத்து முறுக்கிவிட்டுப் போனார்கள். ஆடி இரண்டாம் வாரத்தில் மேற்குப் பக்கம் முழுவதும் கம்பி இருந்த கோட்டிலேயே, தபால்தலை கிழிகிற மாதிரி, சீராகக் கிழிந்து தொங்கியது. சரிசெய்ய அழைக்கப்பட்டவர் சித்தி. கூட வேலை செய்கிற இரண்டு பெண்களோடு போனார். வலையை இறக்கி, ஓரத்தை மடித்து, கல் வைத்துக் கட்டி, கிழக்கே ட்யூப் போட்டு இரண்டு நாளில் முடித்தார்கள். கூலி எண்ணும்போது ஆளுக்கு 400 ரூபாய் கொடுத்தார் வயல்காரர். பெண்ணாள் கூலி அதுதானே என்றார்.

“குடில் கட்டுனவனுக்கு என்ன குடுத்தீய?”

“அது 800. அவங்க தொழில் தெரிஞ்ச ஆளுங்கல்லா.”

“தொழில் தெரிஞ்சவன் கட்டுனது பிஞ்சி தொங்குச்சி. அதக் கட்ட வந்தது நாங்க. அப்போ எங்களுக்கு என்ன தெரியும்ங்கிய?”

600 கொடுத்தார். சம வேலைக்குச் சம ஊதியம் என்று சட்டம் வந்தது 1976இல் என்று நான் சொன்னேன். சித்தி கேட்டுக்கொண்டு, “மிச்சம் எரநூறு எப்போ வருமாம்?” என்றார்.

ஆண்டுதோறும் நான் குறிஞ்சித்திணை நடத்துகிறேன். தினைப்புனம் காக்கும் பெண்கள் வருவார்கள். கிளி ஓட்டத் தட்டை, குளிர், தழல் என்று கருவிகள் இருந்ததைக் குறிஞ்சிப்பாட்டு சொல்கிறது. தலைவியைச் சந்திக்கத் தலைவனுக்குக் கிடைக்கிற வாய்ப்பாகவே புனங்காவலைப் படிக்கிறோம், தேர்விலும் அப்படியே கேட்கிறோம். சித்தியின் நாற்றங்காலில் மயில் ஓட்டி உட்கார்ந்த ஒரு விடியற்காலைக்குப் பிறகு வகுப்பில் வேறொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கத் தொடங்கினேன். அந்தப் புனம் யாருடையது? தந்தையுடையது. தினை முற்றிக் கதிர் கொய்தபின் காவல் காத்தவளுக்கு என்ன ஆகிறது? வீட்டுக்குள் வைக்கப்படுகிறாள். இற்செறிப்பு என்று அதற்கு ஒரு துறைப்பெயரே இருக்கிறது. காவல் அவளுக்கு, விளைச்சல் வீட்டுக்கு. இதைச் சொன்னதும் பின்வரிசையில் ஒரு மாணவி, “எங்க வீட்டுப் பருத்திக்காட்டுல இன்னைக்கும் அப்படித்தான் மேடம்” என்றாள். அன்று பாடம் அதற்கு மேல் நகரவில்லை. நகர வேண்டியதும் இல்லை.

2024இல் மாமா இறந்தார். பதினாறாம் நாள் முடிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, மாமா மகன் வந்து சொன்னான். சாலைப் பக்க நிலத்தைப் பிளாட் போட ஆள் கேட்கிறார்கள். இந்த ஆடிப் போகம் எடுத்துக்கோங்க அத்தை, அதுக்கப்புறம் பார்ப்போம். அவனும் மரியாதையாகத்தான் பேசினான். சித்தி பத்து ஆண்டுக்கு எழுத்துக் குத்தகை கேட்டார். அவன் சிரித்தான். “நமக்குள்ள எதுக்கு அத்தை பத்திரம்?”

அன்று இரவு சித்தி என்னிடம் பேசியதை நான் மறக்க மாட்டேன். அழுகை இல்லை. “ஊரெல்லாம் என் முடிச்சப் புகழுதாவ. எனக்கும் கான்கிரீட்டுல நாலு காலு ஊனணும்னு ஆச இருக்காதா? ஒரு தடவ கட்டுனா அஞ்சு வருசம் நின்னா நான் என்ன, வேண்டாம்னா சொல்லுவேன்?” எளிமையை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்குள் விடப்பட்டார். பெண்களின் சிக்கனத்தை, சமாளிப்பை, இருப்பதை வைத்து எதையும் செய்துவிடும் கைத்திறனை நாம் கொண்டாடும்போது, ஏன் அவர்கள் எப்போதும் சமாளித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்பதைக் கேட்காமல் விட்டால், அந்தக் கொண்டாட்டமும் இன்னொரு தயவாகிவிடும்.

அதன்பிறகு நடந்தது கணக்குவழக்குதான். சித்தியும் கூட வேலை செய்த இரண்டு பெண்களும் ஒரே மகளிர் குழுவில் இருந்தார்கள். குழுக் கடன், சித்தியின் இரண்டு வளையல், அந்தப் பெண்களின் ஆட்டுக்குட்டி விற்ற பணம், என் சேமிப்பிலிருந்து ஒரு பகுதி. சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கிணற்றில் தண்ணீர்ப் பங்கோடு 15 சென்ட் கிடைத்தது. என் பணம் கடன்தான், அதற்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார் சித்தி. நமக்குள்ளே எதற்கு என்று கேட்க நான் வாயெடுக்கவில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்து பெண்கள் பெயரில் பதிவானால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது எங்களுக்கு உதவியது. ஆவணியில் மூன்று பெண்களின் பெயரும் ஒரே பத்திரத்தில் ஏறின. பதிவு அலுவலகத்தில் சித்தி கையை விரித்து ரேகை எந்திரத்தில் வைத்தார். கயிறு இழுத்து இழுத்து ரேகை தேய்ந்திருந்ததால் நாலாவது முறைதான் எந்திரம் அவரை ஏற்றுக்கொண்டது.

அரை ஏக்கர் 15 சென்ட்டாகச் சுருங்கியது. தட்டுகளின் எண்ணிக்கை குறைந்தது. மூன்று பேர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், கடன் தவணை இருக்கிறது. வாரிசாக வந்திருக்க வேண்டியதை வளையல் விற்று வாங்க வேண்டியிருந்தது என்பதை நான் வெற்றிக்கதையாகச் சொல்லப் போவதில்லை. அம்மா அந்தப் பத்திரத்தைக் கையில் வாங்கி, பெயர் இருந்த இடத்தை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மேற்கு ஓரத்தில் ஆறு இரும்புக் குழாய்களைக் கான்கிரீட்டில் ஊன்றியிருக்கிறார்கள். வலை ஓரத்தில் கூழாங்கல் கட்டு அப்படியே இருக்கிறது. கிழக்கே சைக்கிள் ட்யூப் சுருக்கும் இருக்கிறது. இப்போதுதான் சொந்த நிலமாயிற்றே, அந்தப் பக்கமும் இறுக்கிவிடலாமே என்று கூட்டாளிப் பெண்களில் ஒருவர் கேட்டாராம். காற்று பட்டா பார்த்து அடிக்காது என்று சித்தி சொல்லியிருக்கிறார். அவிழ்கிற முடிச்சை இப்போது அவர் தானாக விரும்பிப் போடுகிறார்.

ஐப்பசி மழை விழுந்ததும் மேற்கு வேலியை ஒட்டி முழத்துக்கு ஒன்றாக அகத்தி விதை ஊன்றினார்கள். மாசியில் நான் போனபோது இடுப்பளவு வளர்ந்திருந்தது. வரப்போகும் ஆடிக்கு அது போதாது, அதனால் சித்திரையில் சோளமும் ஆமணக்கும் வழக்கம்போல் விதைக்க வேண்டும். சேலையும் வேண்டும், இருந்தால் கொண்டுவா என்று சொல்லி அனுப்பினார். அடுத்த ஆடிக்குச் சேலை தேவைப்படாது என்கிறார்.